மூர்க்கமான தேனீக் கூட்டங்களைத் திருத்துதல்: இராணித் தேனீயை மாற்றும் முறை

பூசணி, வெள்ளரி, பாகல், கெக்கரி முதலிய கொடிவகைகளைச் செய்கைபண்ணும் கமக்காரருக்குத் தேனீ ஓர் உற்ற துணையாகும். இக்கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறாகத் தோன்றுகின்றன. ஆண் பூவிலுள்ள மகரந்தம் பெண் பூவைச் சென்று சேர்ந்தாலன்றிப் பிஞ்சு பிடிப்பதில்லை. அதிகாலையில் விரியும் பூசணிப்பூ நண்பகலுக்குள் வாடிவிடுகின்றது. அந்தச் சில மணி நேரத்துள் மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கும் வேலையைத் தேனீக்களே பெரும்பாலும் செய்கின்றன. நெற்பயிர் தன் மகரந்தத்தினாலேயே மணி கொள்வதால் அதற்குத் தேனீயின் உதவி வேண்டியதில்லை. ஆயினும் சிறுபோகத்தில் நீர் போதாத வயல்களிற் கொடிவகைகளைப் பயிரிடுவோரும், மேட்டு நிலத்தில் மரக்கறித் தோட்டம் வைத்திருப்போரும் தம் வளவில் இரண்டொரு தேனீப் பெட்டிகளை வைத்திருந்தால், தேனோடு விளைச்சலும் கூடக் காண்பர்.

ஆனால் எல்லாக் கூட்டங்களும் ஒரே குணமுடையனவல்ல. சில பெட்டிகளின் அருகே களை பிடுங்கவும் முடியாது. கட்டிய மாட்டை அவிழ்க்கவும் முடியாது. பெட்டியைத் திறந்தவரை ஐம்பது யார் தூரம் துரத்திவந்து கொட்டும் கூட்டங்களும் உள. இத்தகைய கூட்டத்தினால் ஒரு பிள்ளையோ முதியவரோ துன்புற நேர்ந்தால், மறுநாளே பந்தம் கொளுத்திக் கூட்டத்தை எரித்துவிடுவது பல கிராமங்களில் வழக்கமாகியுள்ளது. அயலவரின் அச்சம் நியாயமானதே. எனினும் எரிப்பதனாற் பல்லாயிரம் தேனீக்களும், கட்டிய வதைகளும், அவ்வருடத்துப் பிஞ்சுப் பிடிப்பும் ஒருங்கே அழிகின்றன. கூட்டத்தை அழியாமல் அதன் குணத்தை மட்டும் மாற்ற வழியுண்டு. இராணித் தேனீயை மாற்றுவதே அவ்வழி.

குணம் எங்கிருந்து வருகின்றது

ஒரு பெட்டியிலுள்ள வேலைக்காரத் தேனீக்கள் யாவும் ஒரே இராணியின் பிள்ளைகள். கொட்டுவனவும் அவையே. ஆண் தேனீக்குக் கொடுக்கு இல்லை; இராணி மனிதரைக் கொட்டுவது மிக அரிது. வேலைக்காரத் தேனீக்களின் சாந்தமும் மூர்க்கமும் பெரும்பாலும் தாயாகிய இராணியிடமிருந்தும், அவ்விராணி பறந்துசென்று கூடிய ஆண் தேனீக்களிடமிருந்தும் வழிவழியாக வருவன. நல்ல விதைநெல்லும் கெட்ட விதைநெல்லும் வெவ்வேறு விளைவைத் தருதல் போன்றதே இதுவும்.

வேலைக்காரத் தேனீயின் ஆயுள் சில வாரங்களே. ஆகவே ஒரு பெட்டியில் இன்று பறக்கும் தேனீக்கள் இரண்டு மாதத்தின் பின் பெரும்பாலும் இரா. அப்போது அவற்றின் இடத்தில் இருப்பவை இக்காலத்தில் இடப்படும் முட்டைகளிலிருந்து வந்தவையாகும். எனவே மூர்க்க இராணியை நீக்கிச் சாந்தமான வழியில் வந்த இராணியை வைத்தால், பெட்டியும் வதையும் இருந்தபடி இருக்க, கூட்டம் முழுவதும் படிப்படியாக மாறிவிடும்.

வழிவழியாக வரும் குணம் எவ்வளவு வலிமையுடையது என்பதைப் பிறேசில் நாட்டில் நிகழ்ந்தது காட்டும். 1956ஆம் ஆண்டில் ஆபிரிக்காவிலிருந்து அங்கு இராணித் தேனீக்கள் கொண்டுவரப்பட்டன. மறு வருடம் அவற்றுட் சில தம் கூட்டங்களோடு தப்பிச்சென்று நாட்டிலிருந்த தேனீக்களுடன் கலந்தன. அவ்வழியில் வந்த மூர்க்கமான தேனீக்கள் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா எங்கும் பரவி, 1990ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவையும் அடைந்தன. ஒரு சில இராணிகளின் குணம் ஒரு கண்டத்தையே மாற்றியது. அங்குள்ள தேனீ வளர்ப்போர் இன்றும் சாந்தமான கூட்டங்களிலிருந்து இராணிகளைத் தெரிந்து வளர்த்தே தம் பெட்டிகளைப் பேணிவருகின்றனர்.

அவை மேல்நாட்டுத் தேனீ இனத்தைச் சேர்ந்தவை. இலங்கையிற் பெட்டிகளில் வளர்க்கப்படுவது ஏப்பிஸ் செரானா எனப்படும் நம் நாட்டுத் தேனீயாகும். இது இயல்பிற் சாந்தமானது. ஆயினும் கூட்டத்துக்குக் கூட்டம் குணம் வேறுபடும். உயர்ந்த மரக்கிளைகளிலும் பாறைகளிலும் ஒரே பெரிய வதையைத் தொங்கவிடும் மலைத்தேனீ வேறோர் இனம். தேயிலைத் தோட்டங்களிற் பலர் அதனையும் குளவி என்றே சொல்வர். அதனைப் பெட்டியில் வளர்க்கவோ அதன் இராணியை மாற்றவோ முடியாது. அதன் கூட்டை அணுகாமலும், அதற்குக் கல்லெறியாமலும், அதன் கீழ் நெருப்பு மூட்டாமலும் இருப்பதே பாதுகாப்பு.

முதலில் ஆராயவேண்டியவை

கொட்டும் கூட்டம் யாவும் பிறவியிலேயே மூர்க்கமானவை அல்ல. சாந்தமான கூட்டமும் சில காரணங்களாற் சினங்கொள்ளும். அவற்றை ஆராயாது இராணியைக் கொன்றால் நல்ல இராணியை வீணாக இழக்க நேரிடும். கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும்.

1. பூக்கள் அருகி உணவு குறைந்த காலமா? அக்காலத்தில் ஒரு கூட்டத்தின் தேனை வேறொரு கூட்டம் திருட முயலும். வாயிலிற் சண்டை நடப்பதும், இறந்த தேனீக்கள் கிடப்பதும் இதற்கு அடையாளம். வாயிலைச் சிறிதாக்கி, மாலையிற் சீனிப்பாகு கொடுத்தால் அடங்கும்.

2. எறும்பு, செங்குளவி, மெழுகுப் பூச்சி முதலியவற்றின் தொல்லை உண்டா? பெட்டியின் கால்களை நீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்தி, அடிப்பலகையைக் கிழமைக்கொரு முறை துப்புரவாக்குதல் வேண்டும்.

3. இராணி இல்லாது போயிற்றா? இராணியற்ற கூட்டம் அமைதியின்றி இரையும். முட்டையோ இளம் புழுவோ காணப்படாது. ஓர் அறையிற் பல முட்டைகள் ஒழுங்கின்றிக் கிடந்தால், வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன என அறியலாம். நம் நாட்டுத் தேனீயில் இது விரைவில் நிகழும்.

4. அண்மையிற் பூச்சிநாசினி தெளிக்கப்பட்டதா? பூத்திருக்கும் பயிருக்குக் காலையில் மருந்து தெளிப்பதாற் பல தேனீக்கள் இறக்கும், மீந்தவை கலவரமடையும். மருந்து தெளிக்க வேண்டிய அவசியம் நேர்ந்தால், தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பியபின் மாலையிலேயே தெளித்தல் வேண்டும்.

5. பெட்டியைத் திறந்த முறை சரியானதா? மழை மூட்டத்திலும், பலத்த காற்றிலும், மாலை மங்கிய பின்னும் திறத்தல் தவறு. வியர்வை நாற்றம், வாசனை எண்ணெய், கறுத்த கம்பளி உடை, சட்டங்களை அடித்து நகர்த்தல் ஆகியன தேனீக்களைச் சினமூட்டும். நசுங்கிய தேனீயும் கொட்டிய கொடுக்கும் முற்றிய வாழைப்பழம் போன்ற ஒரு வாசனையை வெளிவிடும். அது மற்றத் தேனீக்களை அவ்விடத்திற் கொட்டும்படி தூண்டும். தும்பு அல்லது காய்ந்த பன்னாடையை எரித்துப் பெறும் குளிர்ந்த புகை அவ்வாசனையை மறைக்கும்.

இக்காரணங்கள் ஒன்றுமில்லாதபோது, நல்ல வெயிலுள்ள நாட்களிற் காலை ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில், ஒரு கிழமைக்கொரு முறையாக மூன்று முறை பெட்டியைச் சோதித்தல் வேண்டும். வேறு பெட்டிகள் இருப்பின் அதே நாளில் அவற்றையும் சோதித்து ஒப்பிடுதல் நன்று. முகத்துக்கு வலையிட்டுக்கொண்டு, நீண்ட கோலின் நுனியிற் கட்டிய கறுத்த துணித் துண்டை வாயிலின் முன் ஒரு நிமிடம் அசைத்து, அதில் எத்தனை கொடுக்குகள் பதிந்தன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். ஒரே வளவில், ஒரே நாளில், மற்றப் பெட்டிகள் அமைதியாயிருக்க ஒன்று மட்டும் மும்முறையும் சீறினால், குற்றம் அதன் இராணியின் வழியைச் சேர்ந்தது எனக் கொள்ளலாம்.

ஆட்களுக்கு ஆபத்து நேரக்கூடியதாயிருந்தால்

இராணியை மாற்றினாலும் பலன் தெரிய இரண்டு மாதத்துக்கு மேலாகும். வீட்டு வாயில், பாடசாலைக்குப் பிள்ளைகள் செல்லும் வழி, கிணற்றடி, மாட்டுப்பட்டி ஆகியவற்றுக்கு அருகில் மூர்க்கமான கூட்டம் இருக்குமாயின் அதுவரை பொறுத்திருத்தல் கூடாது. இரவில் எல்லாத் தேனீக்களும் உட்சென்றபின் வாயிலைக் காற்றுப் புகும் வலையால் அடைத்து, பெட்டியை ஆள் நடமாட்டமற்ற இடத்துக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். புதிய இடம் பழைய இடத்திலிருந்து 2 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தில் இருத்தல் நன்று. அதனினும் கிட்டிய இடமாயின் தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவந்து திரளும்.

எவரையேனும் தேனீ கொட்டினால், கொடுக்கைத் தாமதமின்றி நகத்தாற் சுரண்டி எடுத்துவிட்டு அவ்விடத்தை விட்டு அகலவேண்டும். முகம், நாக்கு வீங்குதல், மூச்சுத் திணறல், உடல் முழுவதும் தடித்தல், மயக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் கைமருந்து செய்து காலம் போக்காது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். இத்தகையோருக்கு ஒரே கொடுக்கும் உயிராபத்தை விளைக்கலாம். பல தேனீக்கள் ஒருங்கே கொட்டியவரையும் அவ்வாறே கொண்டுசெல்லல் வேண்டும்.

தாய்க் கூட்டத்தைத் தெரிதல்

புதிய இராணியைப் பெறும் கூட்டம் சாந்தமானதாயிருத்தல் மட்டும் போதாது. நோயற்றதாயும், முட்டையும் புழுவும் இடைவெளியின்றி நிறைந்த வதைகளையுடையதாயும், நல்ல தேன் தருவதாயும், சிறு தொல்லைக்கெல்லாம் கூட்டை விட்டோடாததாயும் இருத்தல் வேண்டும். இறந்த புழுக்கள் நீர்ப்பை போலத் தோன்றும் கூட்டத்திலிருந்து ஒருபோதும் இராணி எடுத்தல் கூடாது. சொந்த வளவில் நல்ல கூட்டம் இல்லாதவர் அயலிலுள்ள தேனீ வளர்ப்போரிடம் கேட்டுப் பெறலாம்.

பூக்கள் மிகுந்து, ஆண் தேனீக்கள் பறக்கும் காலமே இவ்வேலைக்கு ஏற்றது. ஆண் தேனீக்கள் இல்லாத காலத்திற் பிறக்கும் இராணி கூடாதிருந்து பயனற்றுப்போகும். கடும் வரட்சியிலும் அடைமழையிலும் இதனைத் தொடங்குதல் கூடாது.

செய்யும் முறை

முதலாம் நாள்: சாந்தமான கூட்டத்தின் இராணியை, அது நிற்கும் சட்டத்தோடும் தேனுள்ள வேறொரு சட்டத்தோடும் தேனீக்களோடும் எடுத்து ஒரு சிறு பெட்டியில் வைத்தல் வேண்டும். பெரிய பெட்டியில் மீந்த தேனீக்கள் இராணி இல்லாததை உணர்ந்து, இளம் புழுக்கள் சிலவற்றைத் தெரிந்து இராணி அறைகளைக் கட்டத் தொடங்கும். இவ்வறைகள் நிலக்கடலைக் கோது போலக் கீழ்நோக்கித் தொங்கும். இரண்டு பெட்டிகளுக்கும் மாலையிற் சம அளவு சீனியும் நீரும் கலந்த பாகு கொடுத்தல் நன்று.

நான்காம் நாள்: இராணி அறைகளைப் பார்வையிடவேண்டும். இதற்குள் மெழுகால் மூடப்பட்டுவிட்ட அறைகள் வயது கூடிய புழுக்களிலிருந்து உண்டானவை. அவற்றிற் பிறக்கும் இராணிகள் சிறந்தனவாகா. ஆகையால் அவற்றை நீக்கி, மூடப்படாத பெரிய அறைகளை மட்டும் விடல் வேண்டும்.

ஒன்பதாம் நாள்: மூர்க்கமான கூட்டத்தின் இராணியைத் தேடி நீக்கவேண்டும். இது கடினமான பகுதியாதலாற் பின்வரும் உபாயத்தைக் கைக்கொள்ளலாம். நல்ல வெயிலில், தேனீக்கள் வெளியே வேலை செய்யும் நேரத்திற் பெட்டியை மெதுவாகத் தூக்கிப் பத்தடிக்கு அப்பால் வைத்து, பழைய இடத்தில் ஒரு வதையுள்ள வேறொரு பெட்டியை வைத்தல் வேண்டும். வெளியிலிருந்து வரும் முதிர்ந்த தேனீக்கள் பழைய இடத்துக்கே செல்லும். பெரிதும் கொட்டுவன இம்முதிர்ந்தவையே. அரைமணி நேரத்தின் பின் அகற்றிய பெட்டியில் இளந்தேனீக்களே அதிகம் இருக்கும். அப்போது சிறிதளவே புகையிட்டு, புதிய முட்டைகளுள்ள வதையை முதலிற் பார்த்தால் இராணியை எளிதிற் காணலாம். புகை மிகுந்தால் நம் நாட்டுத் தேனீக்கள் வதையை விட்டோடி மூலையிற் குவியும். இராணியும் அவற்றுள் மறைந்துவிடும். இராணியைப் பிடித்துக் கொன்றபின் பெட்டியைப் பழைய இடத்தில் வைத்து, தேனீக்களை ஒன்றுசேர்த்தல் வேண்டும்.

பத்தாம் நாள்: சாந்தமான கூட்டத்தில் முதிர்ந்த இராணி அறை ஒன்றை, சுற்றியுள்ள வதைத் துண்டோடு கூரிய கத்தியால் வெட்டி எடுக்கவேண்டும். முதிர்ந்த அறையின் நுனியிலுள்ள மெழுகைத் தேனீக்கள் அகற்றிவிடுவதால் உட்கூட்டின் கபில நிறம் தெரியும். அறையை நசுக்காமலும், குலுக்காமலும், தலைகீழாகப் பிடிக்காமலும் கொண்டுசென்று, மூர்க்கமான கூட்டத்தின் நடு வதையில் நுனி கீழ்நோக்கியிருக்கும்படி பொருத்தல் வேண்டும். தாய்க் கூட்டத்தில் ஓர் அறையை விட்டுவைத்தால் அங்கும் ஒரு புதிய இராணி உண்டாகும். சிறு பெட்டியிலுள்ள பழைய இராணி ஒரு தனிக் கூட்டமாகப் பெருகும்.

பதின்மூன்றாம் நாள்: பொருத்திய அறையைப் பார்க்கவேண்டும். நுனி மூடி போல வட்டமாகத் திறந்திருந்தால் இராணி நலமே வெளிவந்தது. பக்கம் கடித்துக் கிழிக்கப்பட்டிருந்தால் தேனீக்கள் அதனை ஏற்கவில்லை. வேறோர் அறை வைத்தல் வேண்டும். மூர்க்க இராணியின் புழுக்களிலிருந்து கூட்டம் தானே கட்டிய இராணி அறைகள் காணப்பட்டால் ஒன்று விடாது அழித்துவிடவேண்டும். ஒன்று தப்பினாலும் செய்த வேலை வீணாகலாம்.

அதன் பின்: புதிய இராணி சில நாட்களிற் கூடுவதற்காகப் பறக்கும். 1976ஆம் ஆண்டில் வெளியான, இலங்கையிற் செய்யப்பட்ட ஓர் ஆய்வின்படி, இவ்வினத்தின் ஆண் தேனீக்கள் பிற்பகல் 4.15 மணிக்கும் 5.15 மணிக்கும் இடையிற் பறக்கின்றன. ஆகையால் அந்நேரத்திற் பெட்டியைத் திறக்கவோ, வாயிலின் முன் நிற்கவோ, பெட்டியை இடம் மாற்றவோ கூடாது. கூட்டம் ஓடிவிடாதபடி வாயிலில் இராணித் தடை பொருத்தியிருப்போர் இப்போது அதனைக் கழற்றிவிடவேண்டும். கழற்ற மறந்தால் இராணி வெளியே செல்ல முடியாது. கூடாத இராணியின் முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்களே பிறக்கும்.

இருபத்தேழாம் நாள்: காலையிற் பெட்டியைத் திறந்து முட்டைகளைத் தேடவேண்டும். அறைக்கு ஒன்றாக அடியில் முட்டைகள் நின்றால் வேலை நிறைவேறிற்று. முட்டை இல்லையாயின், சாந்தமான கூட்டத்திலிருந்து முட்டையுள்ள வதை ஒன்றைக் கொடுக்கலாம். சில நாட்களில் அதில் இராணி அறைகள் கட்டப்பட்டால் கூட்டத்தில் இராணி இல்லை என்பது தெளிவு. அவ்வறைகளிலிருந்தே புதிய இராணி உண்டாகும்.

முட்டையிடும் இராணி கிடைத்தால்

கூடி முட்டையிடும் இராணியே கையிற் கிடைத்தால் காலம் மீதமாகும். மூர்க்க இராணியை நீக்கிய மறுநாள், புதிய இராணியை நெருப்புப்பெட்டி அளவான கம்பிவலைக் கூண்டில் அடைத்து, வாயிலைத் தேனில் இறுகப் பிசைந்த சீனி மாவால் மூடி, இரு வதைகளுக்கிடையில் வைத்தல் வேண்டும். தேனீக்கள் அதனைத் தின்று வழிசெய்வதற்குள் இராணியின் வாசனைக்குப் பழகிவிடும். கூண்டை இறுகப் பற்றிக் கடித்துக்கொண்டிருந்தால் இன்னும் ஏற்கவில்லை என்பது பொருள். அப்போது இராணியை விடுவித்தல் கூடாது.

ஆண் தேனீக்களையும் கவனித்தல்

புதிய இராணி தாய் வழியாற் சாந்தமானதாயினும், அயலிலுள்ள மூர்க்கமான கூட்டங்களின் ஆண் தேனீக்களோடு கூடினால் பலன் குறையும். ஆகவே வேலை தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே மூர்க்கமான கூட்டத்தின் ஆண் குஞ்சறைகளை வெட்டி நீக்கவேண்டும். அவை சற்றுப் பெரியனவாய், குவிந்த மூடியின் நடுவிற் சிறு துளையுடையனவாய் இருக்கும். சாந்தமான கூட்டங்களில் ஆண் தேனீக்களைப் பெருக விடல் வேண்டும். ஒரு கிராமத்திலுள்ள தேனீ வளர்ப்போர் யாவரும் சேர்ந்து இதனைச் செய்தால், ஒரு சில வருடங்களில் அவ்வூர்த் தேனீக்கள் எல்லாமே குணத்தில் திருந்தக் காணலாம்.

கூட்டம் ஓடிவிடாது காத்தல்

மேல்நாட்டு நூல்களிற் சொல்லப்படும் முறைகளை அப்படியே பின்பற்றுவோர் ஒன்றை மறத்தலாகாது. நம் நாட்டுத் தேனீ, தொல்லை மிகுந்தாலும் உணவு குறைந்தாலும் பெட்டியை விட்டு ஓடிவிடும். ஆகையாற் குறித்த நாட்களிலன்றிப் பெட்டியைத் திறத்தல் கூடாது. இராணியில்லாத நாட்களிற் கூட்டத்திற் புழுக்கள் இருக்கவேண்டும். குறைந்திருந்தால் சாந்தமான கூட்டத்திலிருந்து ஒரு வதை கொடுக்கலாம். பூக்கள் போதாவிடின் மாலையிற் பாகு கொடுத்தல் வேண்டும். பெட்டிக்கு நிழலும் அருகில் தூய நீரும் இருத்தல் அவசியம்.

பலனை எதிர்பார்த்தல்

முட்டை முழுத் தேனீயாக ஏறக்குறைய மூன்று கிழமை செல்லும். பழைய இராணியின் பிள்ளைகள் அதன் பின்னும் சில கிழமை வாழும். ஆகவே புதிய இராணி முட்டையிடத் தொடங்கி ஒரு மாதத்திற் கூட்டம் இன்னும் கொட்டுகின்றதே என்று மனந்தளர்ந்து அதனை அழித்தல் கூடாது. இரண்டு மாதத்தின் பின் கறுத்த துணித் துண்டால் மீண்டும் சோதித்து, முன் குறித்த கணக்கோடு ஒப்பிடுக. அப்போதும் மாற்றம் காணப்படாவிடின், வேறொரு கூட்டத்திலிருந்து மறுபடியும் இராணியை மாற்றுதல் வேண்டும்.

முதன்முறை இவ்வேலையைச் செய்வோர் பழகிய ஒருவரைத் துணையாக வைத்துக்கொள்ளல் நன்று. மேலும் விபரம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். பண்டாரவளை, பிந்துனுவெவவிலுள்ள விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவிலும் ஆலோசனை பெறலாம்.